சோழியில் ஒரு சிமுலேட்டர்

ராக்கெட் ஏறாமலேயே நிலாவுக்குப் போக ஒரு வழி இருக்கிறது. ‘ஆர்பிட்டர்’ என்றொரு விண்வெளி சிமுலேட்டர். மார்ட்டின் ஷ்வைகர் என்பவர் எழுதி, 2000-ல் இலவசமாகவே வெளியிட்டார். பாலக்கோட்டில் ஒரு சுமாரான கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி நிலாவில் இறங்கிவிடலாம். இறங்கியாச்சா? தேதியை 2025 செப்டம்பர் 7 என்று வையுங்கள். நம்ம ஊர் நேரம் இரவு 11.41. இப்போது அண்ணாந்து பாருங்கள்.

அன்றைக்கு நமக்குச் சந்திர கிரகணம். ஆனால், நிலாவில் நிற்பவருக்கு அது சூரிய கிரகணம்! சூரியனை மறைத்துக்கொண்டு நிற்பது நம்ம பூமி. நிலாவிலிருந்து பார்த்தால் சூரியனைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு அகலமான கறுப்பு வட்டம். நிஜமாகவே அங்கே நின்றால் அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு வளையமும் தெரியும். அந்த நிமிடத்தில் பூமியில் நடக்கும் அத்தனை சூரிய உதயங்களும் அஸ்தமனங்களும் சேர்ந்த வெளிச்சம் அது. கிரகணத்தின்போது நிலா செம்பு நிறத்துக்கு மாறுவதும் அதனால்தான். அந்தக் கறுப்பு வட்டத்தின் கிட்டத்தட்ட நடுவில், இருட்டுக்குள் பாலக்கோடு!

இதை ஒருமுறை பார்த்துவிட்டால், ராகுவும் பாம்பும் எதற்கு? நிலாவை மறைப்பது பூமியின் நிழல் என்று 499-லேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். சரி, இந்த ‘ஏன்’ எதுவும் தெரியாமல், கிரகணம் எப்போது என்று மட்டும் கணக்குப் போட முடியுமா?

முடியும். பாண்டிச்சேரியில் போட்டிருக்கிறார்கள்.

1768-ல் அங்கே வந்து இறங்கினார் லெ ஜான்தில் என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி. பாவப்பட்ட மனுஷர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி போவதை அளக்க 1760-ல் வீட்டைவிட்டுக் கிளம்பியவர். 1761-ல் பாண்டிச்சேரியை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட, நடுக்கடலில் ஆடுகிற கப்பலில் மாட்டிக்கொண்டார். ஒன்றும் அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு 1769-ல்தான். போகட்டும் என்று எட்டு வருஷம் காத்திருந்தார். அன்றைக்குக் காலையில் பார்த்து மேகம் மூடிக்கொண்டது! ஊர் திரும்பினால், ஆள் செத்துவிட்டார் என்று சொத்தைப் பிரிக்கும் ஏற்பாட்டில் இருந்தார்கள்.

ஆனால், அந்தப் பயணம் முழுக்க வீண் அல்ல. பாண்டிச்சேரியில் ஒரு தமிழரிடம் உட்கார்ந்து நம்ம ஊர் கிரகணக் கணக்கைப் பாடம் கேட்டார். ஏற்கெனவே நடந்து முடிந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை அந்த முறையில் கணக்குப் போட்டால், கிரகணம் நீடித்த நேரத்தில் 41 விநாடிதான் குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் சூப்பர் ஸ்டார், டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி போட்டால் 68 விநாடி கூடுதல்! லெ ஜான்தில் அசந்துபோனார்.

இன்னொரு ஆசாமி, ஜான் வாரன். பிரெஞ்சு வம்சம், வேலை பார்த்தது ஆங்கிலேயர்களிடம். கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் கோலாரில் தங்கம் இருக்கிறது என்று 1800-களின் தொடக்கத்தில் கம்பெனிக்கு எழுதிய அதே வாரன்தான். சென்னை வானாய்வுக்கூடத்தையும் சில வருஷம் கவனித்துக்கொண்டார். இவருக்கும் பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் கிடைத்தார். வாரன் காதில் விழுந்த பெயர் ‘சாமி நாடன் சஷியா’. நிஜப் பெயர் சாமிநாத சேஷய்யாவோ என்னவோ!

காகிதம் கிடையாது, பென்சில் கிடையாது. சேஷய்யா தரையில் சோழிகளைப் பரப்பினார். அட்டவணை முழுக்க மண்டைக்குள். அதுவும் எண்களாக இல்லை, சொற்களாக! ‘வாக்கியம்’ என்று பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வைத்து, எண்களைச் சின்னச் சின்ன வாக்கியங்களாகக் கோத்து மனப்பாடம் செய்துவிடுவார்கள். நிலாவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. ஏன் 248? நிலா பூமிக்குக் கிட்டே வந்து, விலகிப் போய், மறுபடி கிட்டே வர சுமார் 27.55 நாள். அப்படி ஒன்பது சுற்றுக்கு 248 நாள். துல்லியமாகப் பார்த்தால் சில நிமிஷம் இடிக்கும். அதைச் சரிக்கட்ட இன்னும் பெரிய சுற்றுகளும் கைவசம் இருந்தன.

இப்படி 1825 மே 31 ராத்திரி கிரகணத்தைச் சோழியிலேயே போட்டார். ஸ்பரிசத்தில் 4 நிமிஷப் பிசகு. மத்திமத்தில் 23. மோட்சத்தில் 52. வாரன் அதே வருஷம் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்ற புத்தகத்தில் இவரைப் பதிவு செய்தார். கூடவே ஒரு குறையையும் எழுதிவைத்தார்: அபாரமான ஞாபகசக்தி, ஆனால், கணக்குக்குப் பின்னால் இருக்கும் தத்துவம் இவருக்குத் தெரியாது.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. சேஷய்யாவிடம் இருந்ததும் ஒரு சிமுலேட்டர்தான். வாங்கிய விடை பலமுறை சரியாக வரும். தப்பாக வந்தால்? எந்த இடத்தில் பிசகியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. சோழியை மறுபடி எண்ணலாம், அவ்வளவுதான். ‘ஏன்’ தெரிந்தவன்தான் அட்டவணையைத் திருத்த முடியும்.

திருத்தவும் ஒருவர் வந்தார். பஞ்சாங்கக் கணிதம் புழங்கிய குடும்பத்திலிருந்து சென்னை வானாய்வுக்கூடத்துக்கு வேலைக்கு வந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒளி கூடிக் குறைகிற ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தை வனபர்த்தியில் போய்ப் பார்த்தவர். பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள் என்று சொன்னார். கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும் ‘திருக்கணித’ வழியில் பஞ்சாங்கமும் போட்டார். எதிர்ப்பு வராமல் இருக்குமா? அந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதம். ‘நாங்கள் வாக்கியம், எங்களுக்கு 2026-ல்தான்’ என்றது திருநள்ளாறு கோயில்!

சேஷய்யாவைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். மவுஸைத் தட்டி நிலாவில் இறங்குகிற நாம் மட்டும் என்ன? தட்டினால் விடை வருகிறது. உள்ளே ஓடுகிற கணக்கு என்ன என்று கேட்காத வரைக்கும் நம் கையில் இருப்பதும் சோழிதான்.

அடுத்த பரீட்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. 2028 டிசம்பர் 31. புது வருஷம் பிறப்பதற்கு முன்னால், இரவு பத்து மணிக்கு மேல், நிலா முழுசாக நிழலுக்குள் இருக்கும். அதற்குள் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு டார்ச் லைட், பாலக்கோட்டுத் தக்காளி ஒன்று, ஆறடி தள்ளி ஒரு சுண்டைக்காய் கொடுத்துப் பாருங்கள். சுண்டைக்காயிலிருந்து பார்த்தால் டார்ச் எப்போது மறையும் என்று அவர்களாகவே சொல்லட்டும். சிமுலேட்டரை அப்புறம் திறந்துகொள்ளலாம்.