அட்டவணையில் இல்லாத தானியம்

பெங்களூரில் குடியேறிய தஞ்சாவூர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் அரிசி விலைக்கும் காவிரித் தண்ணீருக்கும் வந்துவிடும். போன வாரமும் அப்படித்தான். "பூமி சூடாகிறதே, நம்ம பேரப்பிள்ளைகளுக்குச் சோறு இருக்குமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். பதில் தேடப் போனவன் வரலாற்றுக்குள் விழுந்துவிட்டேன். கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. உலகச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் மக்காச்சோளம் 7.4 சதவீதம், கோதுமை 6 சதவீதம், நெல் 3.2 சதவீதம், சோயா 3.1 சதவீதம் மகசூல் குறையும் என்றது. புது ரகங்கள் வராமல், விவசாயி தன் பழக்கத்தை மாற்றாமல், கரியமில வாயு கூடுவதால் பயிருக்குக் கிடைக்கும் சிறு லாபத்தையும் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. மனிதர்கள் சாப்பிடும் கலோரியில் மூன்றில் இரண்டு பங்கு இந்த நாலிலிருந்து வருவதால் இவற்றை எடுத்துக்கொண்டார்கள். நியாயம்தான். ஆனால் நான் உட்கார்ந்திருக்கும் ஊரைச் சுற்றி நூற்றாண்டுகளாகச் சோறு போட்ட கேழ்வரகு அந்த அட்டவணையில் இல்லை.

பாட்டிமார் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் நினைவிருக்கிறதா? 1876-ல் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பொய்த்துத் தொடங்கியது. மைசூர் சமஸ்தானத்தை அப்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் பெங்களூரிலிருந்து ஆண்டார்கள். 1871 மக்கள்தொகைக் கணக்கில் சமஸ்தானத்தில் 50.55 லட்சம் பேர். 1881-ல் 41.86 லட்சம். பத்து வருஷம் கழித்து எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும், சுமார் எட்டரை லட்சம் குறைந்திருந்தது!

கேழ்வரகைக் குழிவெட்டிச் சேமித்தால் வருஷக்கணக்கில் கெடாது. இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு அதுதான் காப்பீடு. ஆனால் மழை தொடர்ந்து ஏமாற்றினால் எந்தக் குழியும் காலியாகும். பெங்களூருக்கு 1864-லேயே ரயில் வந்துவிட்டது, தானியமும் ரயிலில் வந்தது. வாங்கக் கையில் காசு இல்லாதவர்கள் செத்தார்கள். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமைக் கப்பல் போய்க்கொண்டுதான் இருந்தது. மகசூல் இத்தனை சதவீதம் குறையும் என்ற கணக்கு, பட்டினி யார் வீட்டுக்கு வரும் என்பதைச் சொல்லாது. இதை நாம் மறக்கக்கூடாது.

அதே சமயம் வடசீனாவும் பிரேசிலின் வடகிழக்கும் காய்ந்தன. 1877-ன் எல் நினோ இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று இன்று தெரியும். அன்று யாருக்கும் தெரியாது. இந்திய வானிலைத் துறையே 1875-ல் பிறந்த குழந்தை. அதன் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியை வைத்து மழையை முன்கூட்டிச் சொல்லப் பார்த்தார். 1904-ல் வந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக்கிலும் இந்துமாக்கடலிலும் காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டுபிடித்தார். பயிர் எப்படி இருக்கும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்லும் இன்றைய முயற்சிகளுக்கு வேர் அந்தப் பஞ்சத்தில் இருக்கிறது.

இன்னொரு வேர் பெங்களூர் ஹெப்பாளில். 1899-ல் மைசூர் மகாராணி கெம்பநஞ்சம்மணி 30 ஏக்கர் கொடுக்க, லேமன் என்ற வேதியியல் அறிஞர் அங்கே மண்ணையும் பயிரையும் சோதிக்க ஆரம்பித்தார். அடுத்து வந்தவர் கனடாக்காரர் லெஸ்லி கோல்மன். மைசூரின் வேளாண்மைத் துறையை நடத்திய அவர், 1920-ல் கேழ்வரகுச் சாகுபடி பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

அப்புறம் லட்சுமணையா. மண்டியாவில் வேலை பார்த்த இவர், இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் ஒட்டுச்சேர்த்தார். கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மலைநாடுதான், ஆக இது பிரிந்த சொந்தங்களைச் சேர்த்து வைத்த கதை. பூ மிகச் சிறியது, தன் மகரந்தத்திலேயே சூல் கொள்வது. ஒட்டுச்சேர்க்க அபாரப் பொறுமை வேண்டும். அப்படி வந்தவைதான் 'இண்டாஃப்' ரகங்கள். இந்தியாவுக்கு ஒரு பாதி, ஆப்பிரிக்காவுக்கு ஒரு பாதி என்று பெயரிலேயே இருக்கிறது.

இனி கணினிக்காலம். தினசரி வெப்பம், மழை, மண்ணின் ஈரம் எல்லாம் கொடுத்தால் செடி எப்படி வளரும் என்று நாள்நாளாகக் கணக்கிடும் நிரல்கள் வந்தன. இந்திய அறிவியல் கழகத்தில் சுலோச்சனா காட்கில் குழுவினர் அனந்தப்பூரின் பல பத்தாண்டு மழைக் கணக்கை நிலக்கடலை நிரலில் ஓட்டி, எப்போது விதைத்தால் நஷ்ட அபாயம் குறைவு என்று பார்த்தார்கள். கேள்வியை வைத்தது கிராமத்து விவசாயிகளோடு பேசியபிறகு. உலக அளவில் ரோசன்ஸ்வைக், பாரி இருவரும் 1994-ல் செய்த கணிப்பு, அடி அதிகம் விழப்போவது வளரும் நாடுகளுக்கு என்றது.

நம் நெல்லுக்கு என்ன ஆகும்? சூடு கூடினால் பயிர் சீக்கிரம் முதிர்ந்து, மணி நிரம்ப நாள் போதாது. பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீணாகும். ராத்திரிச் சூடும் கெடுதல். கேழ்வரகுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும், சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். மழையும் வெப்பமும் ஏறி இறங்கும்போது இந்தியாவில் நெல்லைவிடக் கேழ்வரகு போன்ற தானியங்களின் மகசூல் குறைவாகவே ஆடுகிறது என்று 2019-ல் ஓர் ஆய்வு மாவட்டக் கணக்குகளோடு காட்டியது. ஆனால் நல்ல நெல்வயல் ஏக்கருக்குத் தரும் மகசூலை அது தராது. நெல்லுக்குக் கரியமில வாயுவால் கிடைக்கும் சிறு லாபமும் அதற்குப் பெரிதாகக் கிடையாது.

இத்தனை இருந்தும், 1960-களில் நாட்டில் கேழ்வரகு விளைந்த பரப்பில் பாதிகூட இன்று இல்லை. வெயில் அதை விரட்டவில்லை. ரேஷன் அரிசியும் நம் நாக்கும் விரட்டின. நண்பருக்கு நான் சொன்னதும் இதுதான்: கணிப்பு என்பது ஜாதகம் இல்லை. இதே பயிரை, இதே விதமாக நட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கான எச்சரிக்கை. எதை நடுவது என்பது விவசாயி கையில் மட்டும் இல்லை, எதை வாங்குகிறோம் என்பதிலும் இருக்கிறது.

கேழ்வரகு, கேப்பை, ஆரியம்... உங்கள் ஊரில் என்ன பெயர்? வீட்டில் கடைசியாகக் களி கிண்டியது எப்போது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.