லினக்ஸ் தன் பெயரை மறைத்துக்கொண்ட கதை

லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் டிமெசெஜ் கட்டளையைக் கொடுத்து, கெர்னல் எழுந்துவரும்போது புலம்பியதையெல்லாம் படித்தால், சில கணினிகளில் ஒரு விசித்திரமான வரி கண்ணில் படும். 'ஃபர்ம்வேர் பிழை' என்று தொடங்கும் அந்த வரி சொல்வது இவ்வளவுதான்: 'நீ லினக்ஸா என்று பயாஸ் கேட்டது, கண்டுகொள்ளவில்லை.' பெயர் கேட்பது எப்படிப் பிழையாகும்? வேடிக்கை அதோடு முடியவில்லை. 'நீ விண்டோஸ் எக்ஸ்பியா?' என்று அதே பயாஸ் கேட்டால் லினக்ஸ் கூசாமல் ஆமாம் என்கிறது. விஸ்டாவா? ஆமாம். ஏழா, எட்டா, பத்தா? எல்லாமே நான்தான்.

ஒளிவுமறைவின்மையைக் கொள்கையாக வைத்திருக்கும் ஒரு மென்பொருள் இப்படிப் புளுகக் கற்றுக்கொண்டதற்குப் பின்னால் பத்து வருடத்துக்கு மேற்பட்ட பாடு இருக்கிறது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற தரநிலையை வெளியிட்டன. அதுவரை இருந்த ஏபிஎம் முறையில் மின்சிக்கன விவகாரங்கள் பெரும்பாலும் பயாஸ் கையில் இருந்தன. இயங்குதளத்துக்குத் தெரியாமலே பயாஸ் பல காரியங்களைச் செய்துவிடும். ஏசிபிஐ அந்த அதிகாரத்தை இயங்குதளத்திடம் கொடுத்தது. ஆனால் ஒரு சிக்கல். இந்த மதர்போர்டில் விசிறியை நிறுத்த எந்த பிட்டை மாற்ற வேண்டும், அந்த மடிக்கணினியில் பேட்டரி அளவை எங்கே படிக்க வேண்டும் என்பதெல்லாம் தயாரித்தவருக்குத்தான் தெரியும். அதனால் தயாரிப்பாளரே அதற்கான சின்னச் சின்ன நிரல்களை எழுதி, ஏஎம்எல் என்ற பைட்கோடாக மாற்றி, டிஎஸ்டிடி என்ற அட்டவணையில் வைத்து ஃபர்ம்வேருக்குள் பொதிந்து தருவார். இயங்குதளம் அதை எடுத்துத் தன் கெர்னலுக்குள்ளேயே ஓட்டும். யாரோ எழுதிய, மூலநிரல் கையில் இல்லாத ஒன்றைக் கெர்னலின் அடிமடியில் வைத்து ஓட்டுவது என்பது தரநிலையே விதித்த ஏற்பாடு.

அந்த நிரல்களைத் தொகுக்க இரண்டு கம்பைலர்கள் இருந்தன: இன்டெலுடையது ஒன்று, மைக்ரோசாஃப்டுடையது ஒன்று. மைக்ரோசாஃப்டுடையது தாராள மனது கொண்டது. மதிப்பு ஒன்றைத் திருப்பித் தர வேண்டிய செயல்கூறு எதையும் தராமல் முடிந்தாலும் விட்டுவிடும். விண்டோஸும் அதை மன்னித்து ஓட்டிவிடும். லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் இந்த நிரல்களை ஓட்டப் பயன்படுத்திய ஏசிபிஐசிஏ என்ற நிரல்தொகுப்பு, இன்டெல் திறந்த மூலமாகத் தந்தது. அது தரநிலைப் புத்தகத்தை வரிக்கு வரி நம்பி எழுதப்பட்டது. தயாரிப்பாளர்கள் செய்த சோதனையோ மிக எளியது: விண்டோஸ் எழுகிறதா, தூங்குகிறதா, விழிக்கிறதா? சரி, பெட்டியில் போடு. ஒரே பூட்டில் திருகிப் பார்த்து விற்ற சாவி.

விளைவை 2000-களின் தொடக்கத்தில் லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் அனுபவித்தார்கள். பேட்டரி அளவு தெரியாது. விசிறி சுழலாது. மூடியை மூடினால் கணினி திரும்ப எழாது. பொறுமைசாலிகள் டிஎஸ்டிடியை உருவி எடுத்து, இன்டெலின் ஐஏஎஸ்எல் கருவியால் பிரித்து, பிழைகளைக் கையால் திருத்தி, திருத்திய அட்டவணையோடு கெர்னலைக் கட்டினார்கள். பயாஸைப் புதுப்பித்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒருவர் வீட்டில் சரியானது அடுத்தவருக்கு உதவாது. கடைசியில் கெர்னல்தான் வளைந்துகொடுத்தது: மற்றவர் பிழைகளை விண்டோஸைப் போலவே பொறுத்துக்கொள்ளப் பழகியது. தரநிலைப்படி கறாராக நடக்க வேண்டுமென்றால் இன்று நாம்தான் கெர்னல் எழும்போது 'ஏசிபிஐ=ஸ்ட்ரிக்ட்' என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பெயர் விவகாரம் இதன் தொடர்ச்சி. இயங்குதளம் என்னென்ன வசதிகளை ஆதரிக்கிறது என்று ஃபர்ம்வேர் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓஎஸ்ஐ என்றொரு முறை ஏசிபிஐ-யில் உண்டு. திறமையைக் கேட்பதற்கான கேள்வி அது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு விடையை வைத்தது: எக்ஸ்பிக்கு 'விண்டோஸ் 2001', விஸ்டாவுக்கு 'விண்டோஸ் 2006', ஏழுக்கு 'விண்டோஸ் 2009'. திறமை கேட்ட கேள்வி ஊர் பேர் கேட்கும் கேள்வியாகிவிட்டது. ஃபர்ம்வேர் எழுதியவர்கள் பதிப்புக்கேற்பத் தனித்தனிப் பாதைகள் போட்டார்கள். பரிசோதிக்கப்பட்டவை விண்டோஸ் பாதைகள்தாம். எந்தப் பெயரும் பொருந்தாவிட்டால் ஓடும் பாதையை யாரும் ஓட்டிப் பார்த்ததே இல்லை. அதனால்தான் லினக்ஸ் விண்டோஸ் பெயர்களுக்கெல்லாம் தலையாட்டியது.

ஆரம்பத்தில் 'லினக்ஸ்' என்ற பெயருக்கும் அது நேர்மையாக ஆமாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சில தயாரிப்பாளர்கள் நல்லெண்ணத்தோடே லினக்ஸுக்கென்று தனிப் பாதை எழுதினார்கள். தூங்கி எழுந்த கணினியில் திரையை உயிர்ப்பிக்க அன்றைய லினக்ஸுக்குத் தெரியாது. எனவே ஃபர்ம்வேரே அதைச் செய்து கொடுத்தது. சில வருடங்களில் லினக்ஸின் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அதைத் தாமே செய்யக் கற்றுக்கொண்டன. இப்போது அந்த உதவியே இடைஞ்சல். போதாக்குறைக்கு, ஒரு மாடலுக்கு எழுதிய நிரலை அடுத்த மாடல்களுக்கு அப்படியே எடுத்து ஒட்டும் பழக்கம் இந்தத் துறையில் உண்டு.

கோளாறு யார் எண்ணத்திலும் இல்லை, பெயரில் இருந்தது. 'விண்டோஸ் 2006' என்றால் அது ஒரு குறிப்பிட்ட பொருள். வெளியான நாளில் உறைந்துவிட்டது. 'லினக்ஸ்' என்பதோ இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை மாறும் ஒன்று. எந்த வருடத்து லினக்ஸ்? கேள்வியில் அதற்கு இடமே இல்லை. 2007-இல், 2.6.23 கெர்னலில், ஏசிபிஐ பகுதியைப் பராமரித்த இன்டெல் பொறியாளர் லென் பிரவுன் 'லினக்ஸா?' என்ற கேள்விக்கு இனி இல்லை என்பதே இயல்பான பதில் என்று மாற்றினார். வேண்டுமென்றால் ஆமாம் சொல்லவைக்க, கெர்னல் எழும்போது கொடுக்கும் 'ஏசிபிஐ_ஓஎஸ்ஐ=லினக்ஸ்' என்ற விசை மட்டும் மிச்சம் வைக்கப்பட்டது. அது இல்லாமல் ஓடாத கணினிகளை, அவற்றுக்குள் எழுதியிருக்கும் தயாரிப்பாளர் பெயர், மாடல் பெயரை வைத்து அடையாளம் காண ஒரு பட்டியலும் இருந்தது.

இதெல்லாம் லினக்ஸுக்கு எதிரான சதி என்று சந்தேகித்தவர்களும் இருந்தார்கள், காரணத்தோடுதான். 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் எழுதிய மின்னஞ்சல் ஒன்று அயோவா மாநில வழக்கில் சான்றாவணமாக வெளிவந்தது. ஏசிபிஐ நீட்சிகளை விண்டோஸுக்கு மட்டும் உரியதாக்க முடியாதா என்று அதில் அவர் யோசிக்கிறார். அந்த நினைவோடு இருந்தவர்களுக்கு 2008 ஜூலை வாய்ப்பானது. ஃபாக்ஸ்கான் மதர்போர்டு ஒன்றின் பயாஸில் லினக்ஸுக்குத் தனிப் பாதை இருப்பதை ஒருவர் கண்டுபிடிக்க, வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. கெர்னல் நிரலாளர் மேத்யூ கேரட் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தார். லினக்ஸ்தான் விண்டோஸ் என்று சொல்லிவிடுகிறதே, அந்தப் பாதை ஓடவே ஓடாது. இது சதியில்லை, சாதாரணக் கவனக்குறைவு என்றார். ஃபாக்ஸ்கான் திருத்திய பயாஸை வெளியிட்டது. கேரட் சொன்னதே சரி என்பது என் கட்சி. ஃபர்ம்வேர் உலகில் வஞ்சகத்தைவிட அவசரம்தான் அதிகம்.

பொய்க்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 'விண்டோஸ் 2012', அதாவது விண்டோஸ் 8, நானே என்று லினக்ஸ் சொல்லத் தொடங்கியதும் தின்க்பேட் உட்படப் பல மடிக்கணினிகளில் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் சொதப்பின. விண்டோஸ் 8 வெளிச்சத்தை கிராஃபிக்ஸ் டிரைவர் வழியாகவே மாற்றுகிறது. எனவே ஃபர்ம்வேரின் பழைய வழியைத் தயாரிப்பாளர்கள் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். வேடம் போட்டால் நடையும் மாற வேண்டும்: லினக்ஸும் கிராஃபிக்ஸ் டிரைவர் வழிக்கே போயிற்று.

அப்புறமும் ஆளை அடையாளம் காணத் தயாரிப்பாளர்கள் ஓட்டை தேடினார்கள். ஆதரிக்கும் ஏசிபிஐ பதிப்பு எண் என்னவென்று ஃபர்ம்வேர் கேட்டால், விண்டோஸ் எப்போதும் 2 என்றே சொல்லும். லினக்ஸ் 5 என்று உண்மை பேசியது. 2015-இல் வந்த டெல் எக்ஸ்பிஎஸ் 13-இன் ஃபர்ம்வேர் இந்த 5-ஐ வைத்து லினக்ஸைக் கண்டுகொண்டு, ஒலிச் சில்லை அதற்குத் தோதான வழியில் இணைத்துக் கொடுத்தது. நல்ல நோக்கம்தான், ஆனால் பழைய கதையே மீண்டும். அதே வருடம் 4.2 கெர்னலிலிருந்து லினக்ஸும் 2 என்றே சொல்கிறது. அந்த டெல் மாடலுக்கு மட்டும் விதிவிலக்குப் பட்டியலில் ஓர் இடம்.

உங்கள் கணினி லினக்ஸில் முரண்டு பிடித்தால், யாரோ சொன்ன 'ஏசிபிஐ_ஓஎஸ்ஐ' விசையைத் தட்டுவதற்கு முன் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள்; பல தயாரிப்பாளர்களின் புதுப்பிப்புகள் இப்போது எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி மூலம் லினக்ஸிலிருந்தே கிடைக்கின்றன. அதற்குப் பிறகும் விசைதான் கைகொடுக்கிறது என்றால், அதைத் தட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். டிஎம்ஐடீகோட் கட்டளை தரும் மாடல் விவரத்தோடு கெர்னல்காரர்களுக்கு எழுதிப் போடுங்கள். அதே மாடலை வாங்கும் அடுத்தவருக்கு அது பெட்டியைத் திறந்ததும் வேலை செய்யும்.