196 வருஷம் ஓய்வில் இருந்த தேர்: கியோட்டோவின் கியோன் மட்சுரி

ஜப்பான் கோடைன்னு சொன்னதும் நமக்கு அனிமேல பார்த்த காட்சிதான் ஞாபகம் வரும். யுகாதா போட்ட பொண்ணு, காகித விளக்கு, ஆத்தங்கரை. ஹீரோ காதலைச் சொல்ல வாயைத் திறக்கும்போது கரெக்டா ஒரு வாணவேடிக்கை வெடிச்சு அவன் சொன்னது யாருக்கும் கேட்காமப் போயிடும். அழகான காட்சிதான். ஆனா அந்த ஊர் கோடைத் திருவிழாக்கள் பலதும் சந்தோஷத்துல ஆரம்பிச்சது இல்லை, பயத்துல ஆரம்பிச்சது. இன்னைக்கு அதுல ரொம்பப் பெருசான ஒண்ணைப் பார்க்கப் போறோம். கியோட்டோ நகரத்தோட கியோன் மட்சுரி. மட்சுரின்னா திருவிழா. ஜூலை மாசம் முழுக்க நடக்கும். வயசு 1,100 வருஷத்துக்கும் மேல.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்க உலகத்துல ஒரு சிஸ்டம் பத்து வருஷம் ஓடினாலே அதிசயம். அதை எழுதின ரெண்டு பேர் வேற கம்பெனிக்குப் போனா, மூணாவது மாசம் அதைத் தொடவே எல்லாரும் பயப்படுவாங்க. அப்படி இருக்கும்போது உள்நாட்டுப் போர், தீ விபத்துகள், உலகப்போர், மதக் கொள்கை மாற்றம் எல்லாத்தையும் தாண்டி ஒரு திருவிழா எப்படி ஓடிக்கிட்டே இருக்குங்கிறதுதான் என்னோட கேள்வி. எனக்கான பதில் ஒரு தேர்ல கிடைச்சது. 196 வருஷம் ஓடாத தேர் அது.

கோபக்கார ஆவிகள்

கதை 9ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 794இல் ஜப்பானின் தலைநகரம் ஹெயான்-கியோவுக்கு, அதாவது இன்றைய கியோட்டோவுக்கு, மாறியது. மூன்று பக்கம் மலை, நடுவில் கிண்ணம் போன்ற சமவெளி. ஜூன், ஜூலையில் மழை கொட்டும், காமோ ஆறு கரை உடைக்கும், கிணற்றுத் தண்ணீரில் கழிவு கலக்கும், பிறகு புழுக்கம் ஏறும். நெருக்கமாக மக்கள் வாழும் ஒரு பெரிய நகரத்தில் இதற்கு அடுத்து என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. கொள்ளைநோய் வரும்.

கிருமி என்ற விஷயம் யாருக்கும் தெரியாத காலம். அவர்களுக்குத் தெரிந்த விளக்கம் வேறு. அரசியல் சதியில் அநியாயமாகச் செத்தவர்களின் ஆவி கோபத்தோடு திரும்பி வருகிறது என்று நம்பினார்கள். அந்த ஆவிகளுக்கு 'கோர்யோ' என்று பெயர். இதற்குப் பிரபலமான உதாரணம் இளவரசர் சவாரா. 785இல் ஒரு கொலைச் சதியில் அவர் பெயர் அடிபட்டது. நாடு கடத்தினார்கள். சாப்பிட மறுத்து வழியிலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு அரச குடும்பத்தில் சாவு மேல் சாவு. பயந்துபோன அரசவை, செத்தவருக்குப் பின்னாளில் 'பேரரசர்' பட்டமே கொடுத்தது. யோசிச்சுப் பாருங்க, ஆவிக்கு ப்ரமோஷன்!

863இல் அரண்மனையை ஒட்டிய ஷின்சென்-என் தோட்டத்தில், இப்படிப்பட்ட ஆறு ஆவிகளைச் சமாதானப்படுத்த அரசவை ஒரு சடங்கு நடத்தியது. இசை, நடனம் எல்லாம் உண்டு. பொதுமக்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்து 869. அந்த வருஷம்தான் வடகிழக்கு ஜப்பானைப் பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. 2011 சுனாமிக்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பப் பேசியது இந்த 869 சுனாமியைத்தான். கோயில் மரபுப்படி அதே வருஷம், நாட்டின் 66 மாகாணங்களுக்கு ஒன்று என 66 நீண்ட ஈட்டிகளை நட்டு, நோய் தீர வேண்டிக்கொண்டார்கள். கியோன் மட்சுரியின் பிறந்தநாளாக இதைத்தான் சொல்கிறார்கள். 970 முதல் வருஷாவருஷம் நடக்கும் விழாவாக ஆனது என்பதும் மரபு.

'கியோன்' என்ற பெயருக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. சிராவஸ்தியில் புத்தர் தங்கிய ஜேதவன விஹாரத்தின் பெயர் சீன எழுத்துகள் வழியாக ஜப்பானுக்குப் போய், சுருங்கிச் சுருங்கிக் 'கியோன்' ஆகிவிட்டது. அந்த விஹாரத்தின் காவல் தெய்வம் என்று சொல்லப்பட்ட கோசு தென்னோதான் கியோன் கோயிலின் பழைய சாமி. கொள்ளைநோயைக் கொடுப்பவரும் அவர்தான், தடுப்பவரும் அவர்தான்.

ஆவியை மயக்கும் தேர்

தேர் என்று எளிமைக்காகச் சொல்கிறேன். இதில் ரெண்டு வகை இருக்கு. 'ஹோகோ' என்பது பிரம்மாண்டமானது. உச்சிக் கம்பம் வரை சுமார் 25 மீட்டர், எடை 12 டன் வரை, ஆள் உயரத்தைத் தாண்டிய மரச் சக்கரங்கள். 'யாமா' கொஞ்சம் சிறியது. 'யாமா' என்றால் மலை. பெரும்பாலும் மேலே ஒரு பைன் மரமும் புராணக் காட்சியைக் காட்டும் பொம்மைகளும் இருக்கும். கோயில் மூர்த்தி இந்தத் தேர்களில் வருவதில்லை. காலையில் தேர்கள் வீதியைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும், சாயங்காலம் சாமி தனிப் பல்லக்குகளில் வருவார்.

'சுத்தம்' எப்படி நடக்கிறது என்பதுதான் சுவாரசியம். ஆவிகளை அடித்துத் துரத்துவதில்லை. மேளம், மணி, குழல், பட்டுத்துணி என்று அவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் காட்டி, 'வாங்க, இங்க வந்து ஏறிக்கோங்க' என்று தேருக்குள் இழுத்துக்கொள்வது. ஊர்வலம் முடிந்து தேர் தன் தெருவுக்குத் திரும்பியதும் உடனே பிரித்துப் போட்டுவிடுவார்கள். உள்ளே மாட்டிய நோய் வெளியே வரக்கூடாது இல்லையா? ஒரு இஞ்சினியராக எனக்கு இந்தத் தர்க்கம் ரொம்பப் பிடித்திருக்கிறது. முதல்ல தனிமைப்படுத்து, அப்புறம் அழி.

இதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு. பிரிப்பதால் ஒவ்வொரு ஜூலையும் தேரை முதலில் இருந்து கட்டணும். மரச்சட்டங்களை ஆணி அடிக்காமல் வைக்கோல் கயிற்றால் மட்டுமே இறுக்கிக் கட்டுகிறார்கள். ஓடும்போது சட்டம் வளைந்து கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். சக்கரத்துக்குத் திசை மாற்றும் வசதி கிடையாது. முக்கில் திரும்பும்போது, பிளந்த மூங்கிலைச் சக்கரத்தடியில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, 12 டன்னையும் பக்கவாட்டில் வழுக்கி இழுப்பார்கள். இந்த வேலைகளைக் கையால் செய்துதான் கற்றுக்கொள்ள முடியும். வருஷாவருஷம் கட்டுவதே அவர்களுக்கு ஆவணம்.

சாமி வராட்டியும் பரவாயில்லை

இந்தத் தேர்கள் கோயிலுடையவை என்றுதான் நானும் முதலில் படிக்கும்போது எடுத்துக்கொண்டேன். உண்மையில் ஒவ்வொரு தேரும் ஒரு 'சோ'வின் சொத்து. 'சோ' என்றால் ஒரு தெருவின் ரெண்டு பக்க வீடுகளும் சேர்ந்த சின்ன வட்டாரம். கியோட்டோவின் நடுவில், கிமோனோ துணி வியாபாரிகள் வாழ்ந்த பகுதி இது. பணக்கார வியாபாரிகள், பக்கத்துத் தெருவோடு போட்டி, பிறகென்ன குறைச்சல்? ஒரு தேரின் முகப்பில் 16ஆம் நூற்றாண்டு பெல்ஜியம் திரைச்சீலை, அதில் டிராய் போர்க் காட்சி. கான்கோ-ஹோகோவில் பைபிளின் ஆதியாகமக் காட்சி. ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருந்த எதோ காலத்திலும் அது பட்டப்பகலில் வீதியில் போயிருக்கு! முகலாயர் காலத்து இந்தியக் கம்பளங்களும் தேர்களில் தொங்குகின்றன.

1467இல் ஓனின் போர் வெடித்தது. கியோட்டோ எரிந்து சாம்பலானது. 33 வருஷம் தேர் ஓடவில்லை. 1500இல் மறுபடி தொடங்கியபோது யார் முன்னால் போவது என்று சண்டை வர, சீட்டுக் குலுக்கி வரிசை போட்டார்கள். அந்தச் சீட்டு இன்றும் ஜூலை 2 அன்று கியோட்டோ நகராட்சிக் கட்டடத்தில், மேயர் முன்னிலையில் குலுக்கப்படுகிறது. சில தேர்கள் குலுக்கலுக்கு வெளியே, நகினாத்தா-ஹோகோவும் அதில் ஒன்று. எப்போதும் அதுதான் முதல்.

1533இல் நடந்ததுதான் திருப்பம். ஹியெய் மலையில் இருந்த சக்திவாய்ந்த புத்த மடம் அழுத்தம் கொடுக்க, ஷோகுன் அரசு கியோன் கோயிலின் சடங்குகளை நிறுத்தச் சொன்னது. அப்போது வட்டாரத்து ஆட்கள் கோயிலுக்குப் போய் ஒரு கோரிக்கை வைத்தார்கள். சடங்கு நடக்காவிட்டாலும் எங்கள் தேர் ஓடணும் என்பதுதான் அதன் சாரம். இதை அரசை எதிர்த்த மக்கள் புரட்சியாக வாசித்தவர்கள் உண்டு, அது மிகை என்று மறுக்கும் வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு. எப்படி வாசித்தாலும் ஒன்று தெளிவு: அரசவையின் பயத்தில் பிறந்த சடங்கு அதற்குள் தெருக்காரர்களுடையதாக மாறிவிட்டது. நோய் தீர்க்கும் விழா என்பதோடு, 'இது எங்க தெரு' என்று சொல்லும் விழாவாகவும் ஆகிவிட்டது.

ஓய்வில் இருக்கிறது

இப்ப அந்தத் தேர் விஷயத்துக்கு வர்றேன். பெயர் தாகா-யாமா. 'தாகா' என்றால் வேட்டைப் பருந்து. பருந்து வேட்டைக்காரர், நாயைப் பிடித்திருப்பவர், பீப்பாய் சுமப்பவர் என்று மூன்று பொம்மைகள். 1826இல் ஊர்வலத்தின்போது புயல் மழையில் தேர் சேதமாகிவிட்டது. அடுத்த வருஷம் வரவில்லை. சரிசெய்துவிட்டு வரலாம் என்று இருந்திருப்பார்கள். ஆனால் 1864இல் சோஷு படைக்கும் ஷோகுன் தரப்புக்கும் நடந்த மோதலில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது, தேரும் எரிந்தது. மிச்சம் இருந்தது அந்த மூன்று பொம்மைகளின் தலைகளும் கைகளும்தான்.

நம்ம பேச்சுல இதுக்கு 'முடிஞ்சு போச்சு'ன்னு பேர். கியோட்டோவில் இதற்கு ஒரு தனிச் சொல் இருக்கு: 'யாசுமி-யாமா', ஓய்வில் இருக்கும் தேர். பட்டியலில் இருந்து பெயரை எடுக்கவில்லை. அந்தத் தெருக்காரர்கள் ஒவ்வொரு ஜூலையும் அந்தத் தலைகளை எடுத்து, அலங்கரித்து, வைத்துக் கும்பிட்டார்கள். ஷோகுன் ஆட்சி போனது, மெய்ஜி ஆட்சி வந்தது. 1868இல் ஷிந்தோவையும் புத்த மதத்தையும் பிரிக்கும் உத்தரவு வந்ததும் கியோன் கோயில் 'யாசகா கோயில்' ஆனது, கோசு தென்னோவின் இடத்தில் சுசனோ என்ற ஷிந்தோ தெய்வம் வந்தார். சாமியின் பெயரே மாறிவிட்டது! காலரா பரவிய வருஷங்களில் விழா தள்ளிப்போனது. 1943 முதல் 1946 வரை போரால் தேர் ஓடவில்லை. 1962இல் சுரங்க ரயில் பாதை வேலைக்காக ஊர்வலம் ரத்து. இத்தனைக்கும் நடுவில் அந்தத் தலைகள் வருஷாவருஷம் வெளியே வந்து உள்ளே போயின.

அதே 1864 தீயில் எரிந்த ஒஃபுனே-ஹோகோ 150 வருஷம் கழித்து 2014இல் திரும்பியது. தாகா-யாமா ஆட்களும் மேள இசையை மறுபடி பழகினார்கள், 2015இல் சங்கம் அமைத்தார்கள். 2019இல் தேர் இல்லாமல் ஒரு பெட்டியைச் சுமந்து ஊர்வலத்தில் நடந்தார்கள். ஜூலை 24, 2022 அன்று தேரே வந்தது. 196 வருஷம்! கடைசியாக அது ஓடியதைப் பார்த்த ஒருவரின் பேரன், பேத்திகூட அன்று உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை.

இடையில் 2020, 2021இல் கொரோனா. கொள்ளைநோயை விரட்டப் பிறந்த விழாவைக் கொள்ளைநோயே நிறுத்தியது. அப்பவும் முழுசா நிற்கவில்லை. 2020இல் தேர்களுக்குப் பதில் ஒவ்வொரு தேரின் பிரதிநிதியும் சகாகி மரக்கிளையோடு நடந்தார்கள். 2021இல் ஊர்வலம் இல்லாவிட்டாலும், கட்டும் கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று சில தேர்களை மட்டும் கட்டிப் பிரித்தார்கள்.

இனிமேல்?

இப்போது 34 தேர்கள். ஜூலை 17இல் 23, ஜூலை 24இல் 11. 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாகிவிட்டது. ஆனால் அந்தத் தெருக்களில் பழைய குடும்பங்கள் குறைந்து, ஆபீஸும் அடுக்குமாடியும் வந்துவிட்டன. கயிறு இழுப்பவர்களில் நிறையப் பேர் மாணவர்கள், தன்னார்வலர்கள். வெயிலும் மாறுகிறது: 2018இல் ஜூலை 24 அன்று நடக்கவேண்டிய பூக்குடை ஊர்வலம் வெப்பத்தால் ரத்தானது. 2023இல் சுற்றுலா அமைப்பு 4 லட்சம் யென் வரை விலையில் சொகுசு இருக்கைகள் விற்றது. இது சாமி காரியமா, ஷோவா என்று கோயில் தரப்பில் இருந்தே எதிர்ப்பு வந்தது.

யாருடைய விழா என்ற அதே 1533 கேள்விதான் இது. அன்றைக்குத் தெருக்காரர்கள் பதில் சொன்னார்கள். இப்போது அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? சில வட்டாரங்களில் அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களே தேர் வேலையில் இறங்குகிறார்கள் என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. தாகா-யாமாவைக் காப்பாற்றியது பணமோ அரசாணையோ கிடையாது. 'அடுத்த வருஷம் இதை வெளியே எடுக்கணும்' என்று நினைவு வைத்திருக்க ஒரு தெருவில் நாலு பேர் இருந்தார்கள். புதுசா வந்தவங்க அந்த நாலு பேரா மாறுவாங்களாங்கிறதுதான் இப்போதைய கேள்வி.

நீங்க ஜூலைல கியோட்டோ போறதா இருந்தா, எல்லாரும் 17ஆம் தேதிக்குத்தான் அடிச்சுப் பிடிச்சுப் போவாங்க. நீங்க 24க்குப் போங்க. கூட்டம் குறைவு, முந்தின ராத்திரி தெருக்கடைகள் கிடையாது, விளக்கு வெளிச்சத்துல நிதானமா நடக்கலாம். தாகா-யாமாவும் அன்னைக்குத்தான் வரும். இன்னொண்ணு, விழாக்காரங்க யார்கிட்டயாவது பேச்சுக் கொடுத்தா வெள்ளரிக்காய் மட்டும் நீட்டாதீங்க. வட்டமா வெட்டினா கோயில் சின்னம் மாதிரியே இருக்குமாம், அதனால விழா முடியற வரைக்கும் பலர் அதைத் தொடமாட்டாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.