முதல் வணிகச் சந்திப்புக்குப் போகும் எம்மவர்களுக்கு

இலண்டனில் எமது வணிகம் பெரும்பாலும் உறவினர், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் வழியாகவே வளர்ந்தது. அங்கே எந்த ஊர், யாருடைய பிள்ளை என்பதே எமக்கு அறிமுகம். அந்த வட்டத்துக்கு வெளியே வாடிக்கையாளர் வேண்டுமென்றால், செய்யும் தொழிலைச் சொல்லித்தான் நாம் அறிமுகமாக வேண்டும்.

எங்கே போகலாம்? யூஸ்டன் வீதிப் பக்கமுள்ள பிரித்தானிய நூலகத்தில், 2006இல் திறக்கப்பட்ட வணிக, அறிவுசார் சொத்து நிலையம் சிறு தொழில் தொடங்குவோருக்கானது. 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பிஎன்ஐ அமைப்பின் குழுக்களில் ஒரு தொழிலுக்கு ஒருவரே உறுப்பினர். உங்கள் தொழிலுக்கு இடமுண்டா என்று முன்னரே கேளுங்கள்.

பெயர், தொழில், யாருக்கு உதவுகிறீர்கள் ஆகியவற்றை மூன்றே வசனங்களில் சொல்லப் பழகுங்கள். ‘கணக்காளர்’ என்பதைவிட, ‘ஹரோவில் சிறு கடைகளுக்கு வற் கணக்குப் பார்க்கிறேன்’ என்பது மற்றவர் மனதில் நிற்கும். ஆங்கிலம் சரளமில்லையே என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். கேள்வி கேட்டு, பொறுமையாகக் கேட்பவரையும் எவரும் மறப்பதில்லை. அறை முழுவதும் அட்டை கொடுப்பதைவிட, மூன்று பேருடன் ஆறுதலாகக் கதைத்து, மறுநாளே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பணம் கைமாறுவதற்கு முன் கொம்பனீஸ் ஹவுஸ் பதிவேட்டில் அந்த நிறுவனத்தைத் தேடுங்கள். இயக்குநர்களையும் பதிந்த கணக்குகளையும் இலவசமாகப் பார்க்கலாம். எங்கட ஊர்க்காரர் என்றாலும் பார்க்கத்தான் வேண்டும்.