கலைக்கு இட்ட நிவந்தம்

திருச்சிற்றம்பலம்.

சூலக்கரைத் திருவிழாவிற் கூடியிருக்கும் சிவநேயச் செல்வர்களே! நம் சொற்பொழிவு தொடங்குமுன் ஓதுவார் ஒருவர் தேவாரம் விண்ணப்பித்தார். நாயனக்காரர் கேதாரம் வாசித்தார். இவற்றைக் கேட்டு மகிழ்ந்த நாம், இவ்விருவரும் எவ்வாறு வாழ்கின்றனர், இவர்க்குப்பின் இவ்விடத்தில் வந்து நிற்பவர் யார் என்பதைச் சிறிதேனும் எண்ணினோமா? கலை தானே வளரும் என்பது நம்மிற் பலர் கருத்து. வரலாறோ வேறு கூறுகின்றது. நிலமும் நெல்லும் இட்டவர் இருந்த காலத்தில் கலை தழைத்தது. இடுவார் அற்றபோது வாடிற்று. இதனை விளக்குதலே இன்றைய உரையின் நோக்கமாம்.

பல்லவர் காலத்திலேயே திருப்பதியம் பாடுவார்க்குக் கோயிலில் இடம் உண்டு என்பது திருவல்லம் கல்வெட்டால் அறியலாகும். ஆயினும் அம்முறையைப் பெரிய அளவில் வகுத்து நிறுவியவன் முதலாம் இராசராசன். தில்லையில் செல்லரித்துக் கிடந்த திருமுறை ஏடுகளை நம்பியாண்டார் நம்பியின் துணையால் மீட்ட சோழவேந்தனைத் திருமுறைகண்ட புராணம் போற்றுகின்றது. அவ்வேந்தன் இராசராசனே என்பது சைவ மரபு. ஏட்டை மீட்டால் மட்டும் போதாது. அதனைப் பாடும் நாவும் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள் அந்நாவினைப் பேணியவாற்றைத் தெளிவுறக் காட்டுகின்றன.

அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரும், ஆக 50 பேர் அமர்த்தப்பெற்றனர். ஒருவர்க்கு நாளொன்றுக்கு நெல் முக்குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலமாதலின், ஐம்பதின்மர்க்கும் நாள்தோறும் பன்னிரண்டரைக் கலம் நெல் அளக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருவர் பெற்றது ஏறத்தாழ 90 கலம். பாடுவோர் பெயர்களும் அவர்தம் தீக்கைப் பெயர்களும் கல்லில் வரிசையாக வெட்டப்பெற்றுள்ளன. போர் வென்ற தன் மெய்க்கீர்த்தியைக் கல்லில் பொறித்த மன்னன், உடுக்கை வாசித்தவன் பெயரையும் அக்கோயிற் கல்லிலேயே பொறிக்கச் செய்தான் என்பதை அன்பர்கள் சிந்தித்தல் வேண்டும்.

இனி, ஆடல் வல்ல தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றினின்றும் தஞ்சைக்கு வருவிக்கப்பெற்றனர். தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி எனத் தெருக்கள் வகுத்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் அளித்தனர். ஒரு பங்காவது ஒரு வேலி நிலத்தின் வருவாய், 100 கலம் நெல். நட்டுவம் செய்வார், பாடுவார், கொட்டுவார் ஆகியோர்க்கும், தையல்காரர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர் முதலாய பணியாளர்க்கும் தகுதிக்கேற்பப் பங்குகள் வகுக்கப்பெற்றன. ஆடுவோர்க்கு உடை தைப்பார் வேண்டும். தேருக்குத் தச்சர் வேண்டும். கலையைத் தாங்கும் கைகள் அனைத்தையும் ஒருசேரப் பேணினாலன்றிக் கலை நில்லாது என்பதை அவ்வரசு அறிந்திருந்தது.

இவற்றினும் சிறந்ததொரு விதியும் அங்கு உண்டு. பங்கு பெற்ற ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அவர்க்கு அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து பங்கினைப் பெறலாம். அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பணி செய்வித்தல் வேண்டும். உறவினர் எவரும் இல்லையாயின், எஞ்சியோர் கூடித் தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்தமர்த்துவர். குடிப்பிறப்பால் உரிமை வந்தது. ஆயின் தகுதியின்றி நெல் அளக்கப்படவில்லை. அரசு பொருளைக் கொட்டுவது எளிது; அது கலையாய் விளையுமாறு காப்பதே அரிது. அவ்வருமையை உணர்ந்து வகுத்த விதி இது.

அம்முறைமை என்றும் பழுதின்றி நின்றது எனக் கூறுதல் உண்மையன்று. ஆடற்பணி செய்த மகளிர் பிற்காலத்தில் இழிநிலைக்குத் தள்ளப்பட்டனர். அக்கொடுமையை நீக்க முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முதலியோர் போராடினர். 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது. அது செய்யத்தக்கதே. பின்னர், 1963ஆம் ஆண்டுச் சிற்றினாம் ஒழிப்புச் சட்டத்தால் ஊழிய மானிய நிலங்கள் இரயத்துவாரி முறைக்கு மாறின. நிலவுரிமையில் நேர்ந்த திருத்தமும் காலத்தின் தேவையே. ஆயினும், பழைய ஆதரவு நீங்கிய இடத்தில் புதிய ஆதரவு உடனே வந்து நிற்கவில்லை.

யாம் இளமையிற் கண்டதொன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். ஓர் ஊர்க்கோயிலில் முதிய நாயனக்காரர் ஒருவர் ஆறுகாலமும் வாசித்து வந்தார். அவர்தம் ஊதியம் பல திங்கள் நிலுவையில் கிடந்தது. அவர் மகன் நன்கு வாசிக்கக் கற்றவன். எனினும் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குச் சென்றான். யாம் அம்முதியவரை வினவியபோது, "சாமி, அங்கே சனிக்கிழமை தோறும் கூலி கிடைக்கிறது" என்றார். அவரிடமும் குற்றம் இல்லை, மகனிடமும் இல்லை. அவர் மறைந்தபின் அக்கோயிலில் மின்னால் இயங்கும் முரசே ஒலித்தது.

நம் வட்டாரம் கலைக்கு வறண்ட நிலமன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடிய திருச்சுழியல் இம்மாவட்டத்தின்கண் உள்ளது. அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் முத்துசாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். அவர் மரபினராகிய சுப்பராம தீட்சிதரின் பெருநூலான சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி, 1904இல் அவ்வரண்மனையின் ஆதரவால் அச்சேறிற்று. கரிசல் மண்ணின் சிற்றரசு ஒன்று இட்ட பொருள், இன்றும் இசையுலகம் முழுதுக்கும் பயன்படுகின்றது.

மன்னர் மறைந்தபின் மக்களும் மக்களரசும் அக்கடமையை ஏற்றல் வேண்டும். 1943இல் இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைச் சங்கம் கண்டார். 1949இல் சென்னையில் அரசு இசைக்கல்லூரி தோன்றிற்று. 1955இல் தோன்றிய சங்கீத நாடகச் சங்கமே இன்று இயல் இசை நாடக மன்றமாய் விளங்குகின்றது. நாட்டுப்புறக் கலைஞர்க்கென 2007இல் நலவாரியம் அமைந்தது. அரசு மாவட்டந்தோறும் இசைப்பள்ளி நிறுவ முற்பட்டு, விருதுநகரிலும் ஒன்று நடத்துகின்றது. குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியன இப்பள்ளிகளில் மூன்றாண்டுகள் பயிற்றப்படுகின்றன. பிடாரர்க்கு முக்குறுணி அளந்த அறமே வேறு வடிவில் இங்குத் தொடர்கின்றது. அன்று உறவினர்க்கே முதலுரிமை. இன்று எக்குடிப் பிள்ளையும் கற்கலாம். பெண்களும் ஓதுவாராய் நியமனம் பெற்றுள்ளனர். இவ்வகையில் நம் காலம் சோழர் காலத்தினும் ஒருபடி உயர்ந்ததே.

எனினும் பள்ளி கட்டுதல் அரசின் பணி; பிள்ளையை அனுப்புதல் நம் பணி. கற்றவன் பிழைக்க வழி செய்தலும் நம் பணியே. திருவிழாவில் வாணவேடிக்கைக்கு நாம் மனமுவந்து ஈகின்றோம். அதனை யாம் குறைகூறவில்லை. அது நம் வட்டாரத்தார் பலரின் பிழைப்பு. அத்தொகையில் ஒரு பங்கேனும் நாயனத்துக்கும் தேவாரத்துக்கும் ஒதுக்குக; அதனை விழா முடிந்த அன்றிரவே நிலுவையின்றி அவர்கள் கையிற் சேர்ப்பிக்க. வாணம் ஒரு நொடியில் அவியும். ஒரு பிள்ளை கற்ற பண் ஒரு தலைமுறை வரை ஒலிக்கும்.

அரசு நெல் அளக்கலாம். அதனை வாங்க வருவோன் நம் வீட்டினின்றே வருதல் வேண்டும். அத்தகைய பிள்ளைகள் இவ்வூரில் தோன்றுக என இறைவன் திருவடியை வேண்டி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.