பல்லவ மன்னன் படைத்த கபாலி

பல்லாவரத்தில் இன்று தர்காவாக வழிபடப்படும் குடைவரை, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டுவித்தது. பாறைக்குள் ஐந்து கருவறைகளைக் குடைந்து, தன் விருதுப் பெயர்களையும் கல்லில் பொறிக்கச் செய்தான். மத்தவிலாசன், விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி என்றெல்லாம் பட்டம் சூடிக்கொண்டவன் அவன். ‘மத்தவிலாசம்’ அவன் எழுதிய நாடகத்துக்கும் பெயர். கேரளத்தில் கிடைத்த சுவடிகளைக் கொண்டு கணபதி சாஸ்திரி 1917இல் அதைத் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார்.

நாடகத்தின் கதை காஞ்சிபுரத்தில் நடக்கிறது. சத்தியசோமன் என்ற காபாலிகன் துணைவி தேவசோமையோடு கள்ளுக்கடை கள்ளுக்கடையாகப் போகிறான். போதையில் தன் கபாலத்தை, அதாவது மண்டையோட்டை, தொலைத்துவிடுகிறான். பிச்சைப் பாத்திரமும் விரதச் சின்னமும் அதுதான். அது போனால் அவன் காபாலிகனே இல்லை. அந்த வழியாக வரும் நாகசேனன் என்ற பௌத்தத் துறவி மேல் திருட்டுப் பழி விழுகிறது. துறவி தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டினால், நிறத்தை மாற்றிவிட்டான் என்கிறான் சத்தியசோமன். கைகலப்பில் துறவியின் முடியைப் பிடித்திழுக்கப் போகிறாள் தேவசோமை. மழித்த தலையில் பிடிக்க என்ன இருக்கிறது? கீழே விழுகிறாள். துறவி கை கொடுத்துத் தூக்கிவிட்டால் அதுவும் குற்றமாகிறது.

வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு வரும்போது, மடத்துச் செல்வத்தால் துறவி அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவானே என்று அஞ்சுகிறாள் தேவசோமை. அந்த நீதிமன்றம் மகேந்திரனுடையதே! ஓர் அரசன் தன் ஆட்சியைப் பற்றி இப்படி எழுதியது பெரிய துணிச்சல்.

கபாலத்தைத் தூக்கிப் போனது ஒரு நாய். பைத்தியக்காரன் ஒருவன் கையிலிருந்து அது திரும்பி வந்ததும், சத்தியசோமன் துறவியிடம் மன்னிப்புக் கேட்கிறான். குடிகாரன், வீண்பழி போட்டவன். ஆனாலும் விரதத்தின் மேல் அவனுக்குள்ள பற்று பொய்யில்லை. துறவியும் முழு நிரபராதி அல்ல. கள்ளும் பெண்ணும் கூடாது என்று புத்தர் சொல்லியிருப்பாரா என்று ஏங்குகிறவர்தான், விழுந்தவளுக்குக் கை கொடுக்கிறார்.

படிப்பவரே நாயகனாகி முடிவெடுக்கும் கணினிக் கதைகளுக்குச் சத்தியசோமனைப் போன்ற நாயகன்தான் தேவை. 1970களில் வில் குரோதர் எழுதிய ‘கலோசல் கேவ்’ விளையாட்டில் குகைக்குள் வழி தேடுவதும் புதையல் எடுப்பதுமே வேலை. நாயகனுக்கென்று மனச்சாட்சி தேவைப்படவில்லை. 1985இல் ரிச்சர்ட் கேரியட்டின் ‘அல்டிமா 4’ அதை மாற்றியது. வீழ்த்த வேண்டிய பெரிய வில்லனே அதில் இல்லை. கருணை, நேர்மை முதலான எட்டு அறங்களில் தேற வேண்டும். தொடக்கத்திலேயே குறி சொல்லும் பெண் ஒருத்தி, இரண்டு அறங்களை எதிரெதிரே நிறுத்தி எது பெரிது என்று கேட்பாள். இரண்டும் நல்லவை என்பதால் பதில் கடினம்.

பிற்காலத்தில் பல விளையாட்டுகள் இந்த அறச் சிக்கலை நல்லவன், கெட்டவன் என்ற மதிப்பெண்ணாகச் சுருக்கிவிட்டன. அது பின்னடைவு. மதிப்பெண் தெரிந்துவிட்டால் ஆடுபவர் கணக்குப் போடுவார், யோசிக்க மாட்டார். சத்தியசோமனுக்கு எந்த மதிப்பெண்ணும் பொருந்தாது.

கிரிஸ் கிளைமாஸ் 2009இல் வெளியிட்ட ‘ட்வைன்’, இத்தகைய கதைகளை எழுத உதவும் மென்பொருள். அது இலவசம், தமிழிலும் எழுதலாம். எழுத ஆசைப்படும் இளைஞர்களே, முதலில் மத்தவிலாசத்தைப் படியுங்கள். கபாலம் தொலைந்த அந்த நிமிடத்தில் வாசகரைச் சத்தியசோமனாக நிறுத்தி, அடுத்து என்ன செய்வாய் என்று கேளுங்கள்.