ஜப்தியாகும் பேருந்து: காப்பீட்டு விலக்கும் காயமுற்றவரின் உரிமையும்

சாலை விபத்தில் காயமுற்றவருக்குரிய இழப்பீட்டைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் தொகையைக் கணக்கிடும் முறையோடு நின்றுவிடுகின்றன. அந்தத் தளத்தில் சட்டம் கணிசமாக முன்னேறியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மருத்துவர் சான்றளிக்கும் ஊன விழுக்காட்டையும் அதனால் ஒருவரது சம்பாதிக்கும் திறனில் நேரும் இழப்பையும் வேறுபடுத்தி, இடக்கையை இழந்த தச்சருக்கு அவ்விழப்பு ஏறத்தாழ முழுமையானதாகவும், அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலையே போகாததாகவும் இருக்கக்கூடும் என்று விளக்கியது. லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த கோவையில் இதன் பொருளை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆனால் தீர்ப்பு கிடைத்தபின் பணம் கைக்கு வருமா என்பதை, மோதிய பேருந்து யாருடையது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது.

கோவை காந்திபுரத்தில் தனியார் பேருந்து மோதிக் காயமுற்றவர், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ் மனு செய்யும்போது, உரிமையாளரோடு காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கிறார். தீர்ப்புத் தொகையைச் செலுத்தும் பொறுப்பு, சட்டம் அனுமதிக்கும் சில எதிர்வாதங்களுக்கு உட்பட்டு, அந்த நிறுவனத்தையே சேர்கிறது. அதே இடத்தில் அரசுப் பேருந்து மோதியிருந்தால் எதிரே நிற்பது போக்குவரத்துக் கழகம் மட்டுமே. மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பீட்டை, எல்லா வாகனங்களுக்கும் கட்டாயமாக்கும் 146ஆம் பிரிவே, அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது.

இவ்விலக்கைச் சலுகை என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. ஆயிரக்கணக்கான பேருந்துகளை இயக்கும் நிறுவனம், பிரீமியம் கட்டுவதற்குப் பதிலாகத் தன் இடரைத் தானே ஏற்றுக்கொள்வது பொருளாதார நோக்கில் ஏற்கத்தக்கதே. ஆயினும் சட்டம் இதை நிபந்தனையின்றித் தரவில்லை. மூன்றாம் நபருக்கான பொறுப்பை ஈடுகட்டத் தனி நிதி ஒன்றை உருவாக்கி விதிப்படி பராமரிக்க வேண்டும் என்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் இடத்தில் நிற்க வேண்டியது அந்த நிதிதான்.

தீர்ப்பு அறிவிக்கப்பட்ட 30 நாள்களுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும் என்று 168ஆம் பிரிவு கூறியும், கழகத்தின் மீதான நிறைவேற்று மனுக்கள் ஜப்தி வரை போவது கோவைச் செய்தித்தாள்களுக்குப் பழகிப்போன செய்தி. திருப்பூருக்கோ சத்தியமங்கலத்துக்கோ புறப்படவிருக்கும் வண்டியின் ஓட்டுநரிடம் நீதிமன்ற அமீனா உத்தரவைக் காட்டுகிறார். டிக்கெட் எடுத்துவிட்ட பயணிகள் இறக்கப்பட்டு அடுத்த வண்டியில் ஏற்றப்படுகிறார்கள். பேருந்து நீதிமன்ற வளாகத்தில் போய் நிற்கிறது. இதைக் கழகத்தின் மெத்தனம் என்று கடந்துபோவது எளிது. உண்மையில் ஒவ்வொரு ஜப்தியும், விலக்குக்கு அடிப்படையான நிதி தன் வேலையைச் செய்யவில்லை என்பதற்கான சான்றாகும். அதன் விலையைக் காயமுற்றவர் காலதாமதமாகவும், கழகம் ஏறிக்கொண்டே போகும் வட்டியாகவும் செலுத்துகின்றனர். 10 லட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி 7.5 விழுக்காடு என்றால், ஓராண்டுத் தாமதத்துக்கு 75,000 ரூபாய் பொதுப் பணத்திலிருந்து போகிறது.

ஜப்தியால் வண்டியைப் பிடிக்க முடிகிறதேயன்றி நிதியின் நிலையை அறிய முடிவதில்லை. அதற்கான வழி உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. பணத் தீர்ப்பாணை நிறைவேறாதபோது, கடனாளி நிறுவனத்தின் அதிகாரியை விசாரிக்கவும், சொத்து விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்யச் சொல்லவும் 21ஆம் கட்டளையின் 41ஆம் விதி நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மனுதாரரின் வழக்கறிஞர் பேருந்தின் பதிவெண்ணைத் தேடுவதற்கு முன் இவ்விதியின்கீழ் விபத்து நிதியின் இருப்பைக் கேட்டால், நிதி இருந்தால் அதையே நேரடியாகப் பற்றலாம். இல்லையென்றால், 146ஆம் பிரிவின் விலக்கு எந்த அடிப்படையில் தொடர்கிறது என்ற கேள்விக்குக் கழகமும் விலக்களித்த அரசும் விடைசொல்ல வேண்டியிருக்கும்.